முகம் தந்து நிற்கும் மானுக்கு அம்பு இல்லை

என் இஞ்சேருங்கோ,

ஊருக்கும் கிளப்புக்கும் நீங்கள் சிவா. எனக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து இஞ்சேருங்கோதான், உங்களுக்கு நான் ‘இஞ்சேரும்’. இத்தனை வருசம் வாயால் சொல்லாத பெயரை இப்போது பேப்பரில் எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கோ. உங்கள் முதலாம் வருச ஆட்டைத் திவசம் போன மாதம் விம்பிள்டன் கோயிலில் முடிந்தது. ஐயர் வழக்கம்போல அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். உங்கள் அண்ணை அவரோடு வாய்த்தர்க்கப்பட்டார். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

திவசத்துக்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் முன் அறையில் உடுப்புக் காயப்போடுகிற ஸ்டாண்ட் நிற்கிறது. அதன்மேல் உங்கள் சாம்பல் நிறப் போர்வை. ஒரு கிழமையாக அதை எடுத்து மடிக்க மனம் வரவில்லை. நான் தையல் மெசினில் இருந்தால் அது என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் ஸ்டாண்டுதான். திரும்பாதவரைக்கும் அது மான். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிறது, பொய்யில்லை.

“அம்மா, ப்ளீஸ், உதை உள்ளுக்கு வையுங்கோ. க்ரீப்பியா இருக்கு,” என்கிறாள் உங்கள் மகள் சுபா. இருக்கட்டும், கிடக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த ஸ்டாண்டை மானாக்கியது நீங்கள்தானே. பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, மற்ற ஆம்பிளைகள் வீடியோ வாடகைக்கு எடுத்துப் படம் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமையில், நீங்கள் மட்டும் நான் தைத்துத் தந்த நீளப் பையில் வில்லைப் போட்டுக்கொண்டு சென்ட்ரல் லைன் பிடித்து எப்பிங் பக்கம் போவீர்கள். ரயிலில் ஒரு தமிழ் மாமி, “தம்பி, வீணையோ?” என்று கேட்டாவாம். “ஓம் மாமி, ஒரு நரம்புதான் மிச்சம்,” என்று சொன்னீர்களாம். காட்டோரத்து வில்வித்தைக் கிளப்பில் ரப்பர் மான்களை மரங்களுக்கு இடையில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சிருக்கிற இடத்தில் மெல்லிய வட்டம். தூரத்தில் நின்று பார்த்தால் வட்டம் தெரியாது. மான் எப்படி நிற்கிறது என்று பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து அதை எனக்கும் படிப்பிப்பீர்கள். ஸ்டாண்டுக்கு மேலே போர்வையைப் போட்டு, ஒரு முனையில் என் தலையணையைச் செருகி, “எங்கை அடிப்பீர், சொல்லும் பாப்பம்?” என்பீர்கள். அடுப்பில் கறி கிடக்கும். நான் அகப்பையோடு வந்து நடுவில் ஒரு தட்டுத் தட்டுவேன்.

“அது வயிறப்பா! வயித்திலை பட்டால் உடனை சாகாது. பத்தைக்குள்ளை போய்க் கிடந்து துடிக்கும். பாவமெல்லே?”

“ரப்பர் மானுக்கு என்ன பாவம்?”

“பழகிற கைக்கு ரப்பர் எண்டு தெரியுமே? பக்கவாட்டிலை நிண்டால் முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாலை, கீழ்ப்பக்கமாப் பாரும். நெஞ்சும் சுவாசப்பையும் அங்கைதான். அங்காலை கொஞ்சம் திரும்பி நிண்டால் கிட்ட இருக்கிற காலை விடும். மற்றப் பக்கத்துக் காலைப் பாரும். அம்பு எங்கை ஏறுது எண்டில்லை, எங்கை போய் நிக்கப்போகுது எண்டுதான் கணக்குப் பாக்கோணும்.”

“முகத்தைக் காட்டிக்கொண்டு நிண்டால்?”

“வில்லைக் கீழை விடும். முகம் தந்து நிக்கிற மானுக்கு அம்பு இல்லை.”

முன்பக்கம் ஒடுக்கம், எலும்பு, தவறினால் காயப்படுத்தித்தான் விடுவோம் என்று காரணம் சொன்னீர்கள். பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது மற்றக் காரணத்தையும் சொன்னீர்கள். ஊரில் சுற்றிவளைப்பில் உங்களை மதிலோடு நிறுத்தின ஆமிப் பெடியன், துவக்கை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு ஏனோ துவக்கைப் பதித்துவிட்டுப் போய்விட்டானாம். அந்த வருசம்தான் நாங்கள் லண்டன் வந்தது. கிளப்பில் ஒரே ஒரு ரப்பர் மானை நேர் முகமாக வைத்திருந்தார்கள். எல்லாரும் அதற்கும் அடித்துப் புள்ளி எடுக்க, நீங்கள் மட்டும் வில்லைப் பதித்துக்கொண்டு தாண்டிப் போவீர்கள். அதனால்தான் ஒரு முறைகூட முதலாவதாக வரவில்லை. உயிருள்ள எதற்கும் அடிக்கமாட்டேன் என்றும் எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தீர்கள். இந்த நாட்டில் வில்லால் மான் அடிப்பது குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

போன கிழமை ஒரு பின்னேரம் ஆதர் வந்தார். உங்கள் கிளப்பின் செயலாளர், லொறி ஓட்டிப் பென்சன் எடுத்து இளைப்பாறின மனுசன், உங்கள் செத்தவீட்டில் மூக்கு உறிஞ்சி அழுதாரே, அவர்தான். கூடவே தொப்பி போட்ட இன்னொருவர். கிளப்புக்குப் பக்கத்துத் தனியார் காட்டின் காவலராம். கையில் ஒரு சாக்குப்பை. இருவரும் கதிரை நுனியில் இருந்தார்கள், சுபா என் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். ஆதர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அது நல்ல செய்தி இல்லை.

காவலர் பையிலிருந்து ஒரு அம்பை எடுத்து வைத்தார். நடுவில் முறிந்திருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து இறகு தும்பாகியிருந்தது. ஆனால் இறகின் அடியில் சுற்றியிருந்த சிவப்பு நூல் என்னுடையது. கூலிக்குத் தைக்கிற சட்டைகளில் மிஞ்சிய நூல்கட்டையிலிருந்து உங்கள் ஒவ்வொரு அம்புக்கும் நான்தானே சுற்றித் தந்தேன். என் கை முடிச்சு எனக்குத் தெரியாதா?

தன் காட்டுக்குள் ஒரு மானின் எலும்புக்கூட்டைக் கண்டாராம். இந்த அம்பின் மற்றப் பாதி அதன் தோள் எலும்பில் ஏறி நின்றதாம். கிடந்து ஒரு வருசத்துக்கு மேல் இருக்கும் என்றார். நீங்கள் உயிரோடு இருந்த காலம்.

“முன்னங்கால்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன, அம்மா,” என்றார் காவலர். “இறைச்சிக்குத் திருடுகிறவர்கள் அப்படித்தான் கட்டித் தடியில் தூக்குவார்கள். ஆள் வருகிற சத்தம் கேட்டுப் போட்டுவிட்டு ஓடியிருக்கவேண்டும். இலைகுழைகளைப் போட்டு மூடியும் இருந்தது.”

ஆதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளப்பில் வருசா வருசம் கொடுக்கிற கேடயத்துக்கு உங்கள் பெயரை வைப்பதாக இருந்தார்கள். இனி அது ஏலாது போலிருக்கிறது என்று தரைவிரிப்பைப் பார்த்துச் சொன்னார். மனுசன் சொல்லக் கஷ்டப்பட்டார், பாவம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யாரில் என்று கேளுங்கோ. உங்களில்தான். சத்தியம் பண்ணின வாயால் திருட்டு இறைச்சியா? நான் இவ்வளவு நாளும் யாரோடு குடும்பம் நடத்தினேன்? செத்துப்போன மனுசனைப் பிடித்து உலுப்பிக் கேட்கவும் ஏலாதே! கோதாரி, இப்படியொரு நிலை எந்தப் பொம்பிளைக்கும் வரக்கூடாது.

“எதாலை கட்டியிருந்தது?” என்று கேட்டேன். சுபா இங்கிலீசில் கேட்டுச் சொன்னாள்.

காவலர் ஒரு படம் காட்டினார். சருகுக்குள் இரண்டு மெல்லிய கால் எலும்புகள், குளம்புக்குச் சற்று மேலே ஒட்டினாற்போல். சுற்றி என் சிவப்பு நூல். சட்டைப் பொத்தான் தைக்கிற நூல்! அதில் ஒரு கோழியைக்கூடத் தூக்க ஏலாது, அறுந்துவிடும். பின்னங்கால்களைக் கட்டவேயில்லை. அதில் ஒன்று முறிந்து இரண்டாகக் கிடந்தது. நாய் கடித்திருக்கும் என்றார்.

அது தூக்கிப்போகக் கட்டின கட்டே இல்லை. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் சனத்தைத் தவிர யாருக்குத் தெரியும்? செத்தவருக்குக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் நாங்கள்தானே. உங்களுக்கும் அந்தப் பியூனரல் கடையில் வைத்து, புது வேட்டியில் கிழித்த துண்டால் உங்கள் அண்ணை கட்டினார். கடைக்காரர் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்தப் பின்னேரம் எனக்கு முன்னால் வந்தது. சருகு கொட்டுகிற காலம். நீங்கள் கிளப்பால் வந்து வீட்டுக்குள் வரவில்லை. பின்வளவுக் குழாயைத் திறந்து, உடுத்த உடுப்போடு, தலையில் தண்ணீர் வார்த்தீர்கள். சேர்ட் கையில் சிவப்பு. “விசரே உங்களுக்கு! இந்தக் குளிருக்கை ஆராவது முழுகுவினமே?” என்று கத்தினேன். நீங்கள் நடுங்கிக்கொண்டு, “ரோட்டிலை கார்க்காரன் அடிச்சுப்போட்டு நிக்காமல் போட்டான்,” என்றீர்கள். “ஐயோ, ஆரை?” என்றேன். “ஆரையும் இல்லை,” என்றீர்கள். ஒரு மாதம் மீனோ இறைச்சியோ, மச்சமே சாப்பிடவில்லை. கந்தசஷ்டி விரதம் பிடித்து, அப்படியே தொடருகிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வில்லுப் பை அலுமாரிக்குள் போனது. தோள் நோகிறது என்றீர்கள்.

செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி முழுகினீர்களே. சாவுத் துடக்கும் காத்தீர்களே. எனக்கு ஏன் மூளையில் ஓடவில்லை?

நான் எழும்பினேன். சமையலறையிலிருந்து ஸ்டாண்டை இழுத்து வந்தேன். உங்கள் போர்வையைப் போட்டேன். தலையணையைச் செருகினேன். “அம்மா, என்ன செய்யிறீங்கள்?” என்று சுபா பதறினாள். “நான் சொல்லுறதைச் சொல்லு, பிள்ளை,” என்றேன்.

“அம்பு எந்தத் தோளிலை நிண்டது? எந்தப் பக்கத்தாலை ஏறினது? அவரைக் காட்டச் சொல்லு.”

காவலர் பையிலிருந்து தோள் எலும்பை எடுத்தார். வலது தோள். கூர், எலும்பின் உட்பக்கத்தில் ஏறி நின்றது. ஒரு விலா எலும்பையும் எடுத்தார். இடப்பக்கத்தது, பின்னுக்குள்ளது, ஓரத்தில் அம்பு உரசின வெட்டு. நான் அகப்பையை எடுத்து, போர்வையின் இடப்பக்கம், பின் விலாவில் வைத்து, முன்னால் சரித்து வலது காலுக்கு நேராகப் பிடித்தேன். மற்றப் பக்கத்துக் கால். நீங்கள் சொல்லித் தந்த அதே கணக்கு.

ஆதர் எழும்பி வந்து அகப்பையின் நீட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு பைக்குள் இருந்த அந்த முறிந்த பின்னங்கால் எலும்பைக் கேட்டு வாங்கி, விரலால் தடவினார். “நாயில்லை. இது பம்பர்,” என்றார். “முப்பது வருசம் லொறி ஓட்டினேன். எனக்குத் தெரியும்.” காவலரும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

கார் அடித்துவிட்டுப்போன மானைத் துடிக்கவிடாமல் முடித்துவைத்திருக்கிறீர்கள் என்று, குழாயடியில் முழுகினதையும் நூலின் கதையையும் சொன்னேன். சுபாவுக்கு மொழிபெயர்க்க வரவில்லை. நானே எனக்குத் தெரிந்த இங்கிலீசில், என் கால் பெருவிரல்களைச் சேர்த்து வைத்துக் காட்டினேன். அந்தக் காவலர் தொப்பியைக் கழற்றினார்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே,” என்றார். “அது என் வேலை. என் வீடு பக்கத்தில்தானே.”

உண்மைதான், கூப்பிட்டிருக்கலாம். யூனிபோர்மைக் கண்டால் நீங்கள் ரோட்டின் மற்றப் பக்கம் மாறிவிடுவீர்கள் என்பதை அவருக்கு எப்படி விளக்குவேன்? “அவர் செய்தது பிழைதான்,” என்று மட்டும் சொன்னேன். “ஆனால் இது என்ர மனுசன்ர அம்பு. ஒளிக்கமாட்டன்.” போகும்போது வாசலில் நின்று ஆதரிடம், “கேடயத்தில் பெயர் இருக்கட்டும்,” என்றார். என் காதில் விழுந்தது.

அவர்கள் போய்விட்டார்கள். மான் மட்டும் போகவில்லை. மெசினில் இருக்கும்போது நினைத்துக்கொள்வேன்: அது கால் முறிந்து எழும்ப ஏலாமல் முதலில் உங்களைத்தானே பார்த்திருக்கும்? முகம் தந்துதானே கிடந்திருக்கும்? அது திரும்பும்வரைக்கும் எவ்வளவு நேரம் வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்? அதோடு ஏதாவது கதைத்தீர்களா? அந்த ஆமிப் பெடியன் நினைவுக்கு வந்தானா? ஒரு பின்னேரம் முழுக்க நீங்கள் பட்டதை, தை மாதத்தில் உங்கள் நெஞ்சு நிற்கும்வரைக்கும் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். உங்களில் கோபம்தான். சொல்லியிருந்தால் நானும் வந்து அந்த நூலைக் கட்டியிருப்பேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. பெட்டியை மூட முன்னம், உங்கள் அண்ணை உங்கள் கால் கட்டை அவிழ்த்துவிட்டார். அவிழ்த்தால்தான் போகலாம் என்பார்கள். அந்த மானுக்கு நீங்கள் கட்டினீர்கள், அவிழ்க்கவில்லை. அவசரமா, மறதியா, எனக்குத் தெரியாது. அது இன்னும் கட்டோடு கிடக்கிறது. அதனால்தான் என் முன் அறையில் வந்து நிற்கிறது என்றால் சுபா சிரிப்பாள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள்.

வாற ஞாயிற்றுக்கிழமை ஆதர் தன் காரில் கூட்டிக்கொண்டு போகிறார். காவலர், எலும்புகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, வழி காட்டுவதாகச் சொன்னார். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை இப்போதே கைப்பைக்குள் வைத்துவிட்டேன். என் முடிச்சை நானே வெட்டிவிடுகிறேன், நீங்கள் யோசியாதையுங்கோ. வந்து தலைமுழுகிப்போட்டு, போர்வையையும் மடித்து வைப்பேன்.

செத்த இடத்தில் ‘போட்டு வாறன்’ என்று, திரும்பி வருகிற சொல்லைச் சொல்லக்கூடாது. அதனால் மானுக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடப்பேன். உங்களுக்கு மட்டும் சொல்லுறன், ஆர் என்ன சொன்னாலும் பரவாயில்லை: இஞ்சேருங்கோ, போட்டு வாறன்.

சுபாவின் அம்மா,
உங்கள் ‘இஞ்சேரும்’