உன் சேலை ஓரத்து வெள்ளை மண்

போன வாரம் என் மகன் மாட்டுத் தீவனக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். பிரித்ததும் அந்த வாசனை. நனைந்து காய்ந்த வெள்ளை மண்ணின் வாசனை. "தீவனத்துல பூஞ்சை புடிச்சிருந்தா அந்த விஷத்த இது புடிச்சி வச்சிக்குமாம்மா. சாணியோட போயிடுமாம். பாத்தா வெறும் மண்ணுதான்," என்றான். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பது வருஷத்துக்கு முன் நீ கண்டுபிடித்ததை இப்போது பையில் அடைத்து விற்கிறார்கள்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் நீ மண் கரைக்கும் தொட்டியில் வேலை பார்த்தாய். நான் கோப்பைகளுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் தொட்டியில். ஒரே தெரு, ஒரே சாப்பாட்டு மணி. உன் தூக்கில் இருந்த குழம்பில் பாதி என் வயிற்றுக்குத்தான் போனது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அறுவடை நேரத்தில் அடைமழை. வயலிலேயே நனைந்த கடலை, அதில் ஆட்டிய புண்ணாக்கு எல்லாம் பூஞ்சை நாற்றம். வேறு வழியில்லாமல் அதையே மாட்டுக்கு வைத்தாய். உன் செவலைப் பசு கழிந்து கழிந்து மெலிந்தது. உன் மூத்தவளுக்கு அதன் பால்தான் சாப்பாடு. ஒரு சாயங்காலம் நீ வேலை முடிந்து கொட்டகைக்குள் போனபோது, உன் சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை அது நக்கியது. விடாமல் நக்கியது. உனக்கு இரண்டாவது மசக்கை. நீயும் தொட்டியோரத்து மண்ணைத் திருட்டுத்தனமாக வாயில் போட்டுக்கொண்டிருந்த நேரம். "எனக்குக் கேக்குற மாரி அதுக்கும் கேக்குது. குடுத்துதான் பாப்பமே," என்றாய்.

கழுவி வடித்த மண்ணில் ஒரு பிடி கரைத்துப் புண்ணாக்கோடு பிசைந்து வைத்தாய். தெருவே சிரித்தது. "பாத்துடி, கன்னுக்குட்டிக்குப் பதிலா கப்பு சாசரு ஈனிடப் போவுது," என்று நானும் கிண்டல் செய்தேன். பத்து நாளில் கழிச்சல் நின்று பால் மறுபடி சுரந்தது. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த பெருமையை இன்னொரு தடவை பார்க்க மாட்டேனா என்று இருக்கிறது.

பேறுகாலத்துக்கு நம் பக்கத்து மங்களூரில் இருந்த உன் தாய் வீட்டுக்குக் கிளம்பினாய். பசு என் பொறுப்பு. "ஒரு பிடி மண்ணு, மறந்துடாத. போயிட்டு வரேன்."

மறக்கவில்லை. நீ வைத்துவிட்டுப் போன மண் தீர்ந்ததும், உன் தொட்டிவரை நடக்கச் சோம்பல்பட்டு, என் தொட்டியின் அடியில் படிந்திருந்த வண்டலை வழித்துக்கொண்டு போனேன். அதுவும் வெள்ளைதானே. நாலைந்து நாள் அதையே கலந்தேன். பசு பல்லை நறநறவென்று கடித்தது, கண் தெரியாமல் சுவரில் முட்டியது, பிறகு விழுந்துவிட்டது.

"கிளேஸுல ஈயம் கலந்துருக்குது, கைய நல்லா கழுவிட்டு சாப்புடுங்க," என்று எங்கள் மேஸ்திரி தினமும் சொல்வார். என் கைக்குச் சொன்னது என்றே இருந்துவிட்டேன். செத்த பசுவின் பக்கத்தில் நின்றபோதுதான் மண்டையில் உறைத்தது.

நீ கைக்குழந்தையோடு வந்து, பசு இல்லாத முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"எப்புடிடி?"

"பூஞ்சைப் புண்ணாக்குதான்."

"அப்ப மண்ணு ஒண்ணும் பண்ணலியா?"

"பண்ணல."

நீ திட்டவில்லை. திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. மூத்தவளுக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டாய்.

பிறகு கம்மாபுரத்திலிருந்து ஒருவர் தன் மாடும் அப்படிக் கழிகிறது என்று உன் மண் வைத்தியத்தைத் தேடி வந்தார். "அத நம்பாதீங்க, என் மாடே போயிடுச்சி," என்று அனுப்பிவைத்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மாடு என்ன ஆனதோ.

நீ போய் ஏழு வருஷம். கடைசியாக ஆஸ்பத்திரியில், சொல்லியே தீர்வது என்று வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "சாப்ட்டியாடி?" என்றாய். "சாப்ட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்றும் சோற்றில் கை வைக்குமுன் மூன்று தடவை கழுவுகிறேன். மருமகள் சிரிக்கிறாள்.

இன்று காலை மகன் தவிட்டில் அந்தப் பொடியைக் கலக்கும்போது, "இது மொதல்ல யாரு கண்டுபுடிச்சா தெரியுமா?" என்று கேட்டு உன் பேரைச் சொன்னேன். கிளேஸ் தொட்டியையும் சொன்னேன். அவன் கலப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்க வேண்டியவள் நீ.

உன் மண்ணு நல்ல மண்ணுதான்டி.