தபிதாவின் அரை ஏக்கர்

மார்ச் 3, செவ்வாய்

க்ளெம்மி, உன்னைத் தோண்டி எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்கே தெரியும். மனசு அடங்காவிட்டால் செத்துப்போன புருஷனிடம் பேசுகிற மாதிரி எழுதிப் பார் என்று போதகர்தான் சொன்னார். நோட்டைத் திறந்த அன்றைக்கே இது.

போன மாதம் குன்றின் மேல் உன்னை வைத்தோமே, யான்சி கிழவரின் புகையிலை வயல் நடுவில். அந்த வயலை அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஜனவரியிலேயே பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். நமக்கு யார் சொன்னார்கள்? வாங்கியவர் பெயர் ஸ்ப்ரேக், வடக்கிலிருந்து வந்தவர். அந்தக் குன்றில்தான் வீடு கட்டப்போகிறார். அவர் வந்து பார்த்தால் புதுச் செம்மண் குவிந்து கிடக்கிறது.

அவருடைய வக்கீல் எழுதுகிறார்: இங்கிலாந்து ராஜா காலத்தில், 1758-ல், ஆம்ப்ரோஸ் ஹாட்செல் அந்த நிலத்தை விற்றபோது கல்லறை இருக்கிற அரை ஏக்கரை மட்டும் தனக்கும் தன் வம்சத்துக்கும் என்று நிறுத்திக்கொண்டார். உங்கள் கணவர் அந்த வம்சம் என்று காட்டுங்கள். இல்லையென்றால் பெட்டியை எடுத்து சர்ச் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிடலாம். செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். பெரிய மனசு!

ஏப்ரல் 21-ல் கோர்ட். வக்கீல் வைக்க என்னால் முடியாது. நானே போய் நிற்கவேண்டியதுதான்.

ஆனால் பயப்பட என்ன இருக்கிறது? ஆம்ப்ரோஸ் பேச்சு இல்லாமல் நீ என்றைக்காவது சாப்பிட்டு எழுந்திருக்கிறாயா? ஆயிரத்து நூறு ஏக்கர், ஆற்றோரம் மாவு மில், கவர்னர் வந்து தங்கின வீடு. டிராக்டர் பழுது பார்க்க வந்தவனைக்கூட நீ விட்டதில்லையே.

மார்ச் 5

உன் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் அந்த வம்சப் படம் இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மினுங்குகிறது. உச்சியில் பெரிய எழுத்தில் ஆம்ப்ரோஸ். அதற்குக் கீழே மகன், சின்ன ஆம்ப்ரோஸ். அடியில் கோரலி, க்ளெமென்ட்.

"இதுக்கா இப்படி வெளுத்துப்போய் வந்திருக்க?" என்றாள். "எங்க ஆம்ப்ரோஸ் இங்க நிலத்தை ஆண்டப்போ அந்த ஸ்ப்ரேக்கோட ஆளுங்க எந்த ஊர்ல உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்தாங்களோ."

"கோர்ட்ல அதையெல்லாம் பேச முடியாது, கோரலி."

"நீ பேசவே வேண்டாம். படத்தைத் தூக்கிக்கிட்டு நானே வர்றேன். மே மாச விருந்துல இதைத்தான் கதையா சொல்லப்போறேன், பாரு."

நிலக்கிழார் வம்ச மாதர் சங்கத்துக்கு இந்த வருஷம் அவள்தான் தலைவி. ஒரு சீஸ் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. குச்சியா ஆயிட்ட. தம்பி ஆவியா வந்து என்னைத்தான் திட்டுவான்."

சாப்பிட்டேன். உன் சாவுக்குப் பிறகு ருசி தெரிந்தது அன்றைக்குத்தான்.

மார்ச் 8

வயல் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. உன்னைப் பார்க்க முடியவில்லை.

நான் நிற்பதைப் பார்த்து ஸ்ப்ரேக்கே இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். கெட்ட மனுஷன் மாதிரி தெரியவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல மேடம். ஆனா நாங்க கட்டப்போற சமையலறையில ஜன்னலைத் திறந்தா நேரா ஒரு கல்லறை. என் மனைவி இங்க வரவே மாட்டேங்கிறா."

"அவர் அங்க இருக்கார்னு தெரிஞ்சா பயம் போயிடும்ங்க. ரொம்ப சாதுவான மனுஷன்."

என் வாயிலிருந்து ஏன் அப்படி வந்தது? அவர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியையே பார்த்தார். பூட்டை மட்டும் திறக்கவில்லை.

மார்ச் 18

இன்னொரு கடிதம், நாங்கள் அனுப்பின வம்சப் படத்தின் நகலுக்குப் பதில். பழைய ஆவணம் பார்க்கிற ஒருவரை அவர்கள் வைத்திருக்கிறார்களாம். கோரலியின் படம் தப்பாம். ஆம்ப்ரோஸுக்கு ஆம்ப்ரோஸ் என்று ஒரு மகனே கிடையாதாம்.

மார்ச் 19

கோர்ட் கட்டிடத்தில் பத்திர அறைக்குப் போனேன். அங்கே இருப்பது மிஸ் வினோனா. நம் சர்ச்சுக்கு எதிரே, கறுப்பின மக்களின் சர்ச்சில் பாடுவாரே, அவர்தான். கடிதத்தைக் காட்டினேன். பெரிய புத்தகத்தை மேஜையில் விரித்தார். அந்த எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"நீங்களே வாசிங்க மிஸ் வினோனா. எனக்கு இது ஆகாது."

ஆம்ப்ரோஸின் உயில், 1771. முதலில் மனைவி லெட்டிஸுக்கு வீடு. பிறகு யார் யாருக்கு எந்த அடிமை ஆள் என்று ஒரு நீளப் பட்டியல். 'ஜூடா என்ற பெண், அவள் வயிற்றில் இனிமேல் பிறக்கப்போவதும்.' அதை வாசிக்கும்போதும் அவர் குரல் மாறவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் நீ ஜூடாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே, க்ளெம்மி. உனக்குத் தெரியாதா?

"எங்க ஆளுங்களைத் தேடி வர்றவங்களும் இந்தப் பக்கத்துக்குத்தான் வரணும், கண்ணு," என்றார். அவ்வளவுதான். மேலே வாசித்தார்.

பிள்ளைகள் நான்கு பேர். எட்மண்ட், ஹென்றி, இரண்டு பெண்கள். ஆம்ப்ரோஸ் இல்லை.

"அப்போ படத்துல ரெண்டாவதா இருக்கிற சின்ன ஆம்ப்ரோஸ்?"

"அவர் வேற ஆளு. அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வயசானவரைப் பெரியவர்னும் மத்தவரைச் சின்னவர்னும் எழுதிடுவாங்க. அப்பன் பிள்ளையா இருக்கணும்னு இல்ல. சொந்தமாக்கூட இருக்கணும்னு இல்ல. இங்க வர்ற பாதிப் பேர் இதுலதான் விழுவாங்க."

நீ சின்னவரின் வம்சம். சின்னவருக்கு இருந்தது தொண்ணூறு ஏக்கர்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். அப்படியானால் அந்த அரை ஏக்கர் நமக்கில்லை.

மார்ச் 21

கோரலியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ.

"எட்டாவது படிச்சிட்டு எனக்கு வம்சம் சொல்லித் தர்றியா? வாக்கப்பட்டு வந்தவளுக்கு என்ன தெரியும்? எங்க குடும்ப பைபிள் முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு, ஆம்ப்ரோஸுக்கும் தபிதாவுக்கும் பிறந்தவன் மைக்காஜா. மைக்காஜாவுக்குப் பிறகு எங்கப்பா வரைக்கும் ஒவ்வொருத்தர் கையெழுத்தா இருக்கு!"

"எந்த ஆம்ப்ரோஸ், கோரலி? அதுதானே கேள்வி."

"வெளிய போ."

போனேன்.

ஏப்ரல் 2

மழை. புது மண் இறங்கியிருக்கும். மேலே கொட்ட ஒரு கூடை மண்கூடக் கொண்டுபோக வழியில்லை எனக்கு.

ஏப்ரல் 8

தோற்றுவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டுதான் இன்றைக்குப் போனேன். உன்னைப் போய்ப் பார்க்கவாவது விடுவார்களா, பாதை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்க. அந்த 1758 பத்திரத்தை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. வக்கீல் சொன்னதுதான் தெரியும்.

மிஸ் வினோனா முதலிலிருந்து வாசித்தார். 'இந்த ஊர் ஆம்ப்ரோஸ் ஹாட்செலும் அவர் மனைவி தபிதாவும்...'

"நில்லுங்க. மனைவி பேரு என்ன?"

"தபிதா."

"பெரியவரோட மனைவி லெட்டிஸ்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து போய் வேறு புத்தகங்களைக் கொண்டுவந்தார். பெரியவர் விற்றது, வாங்கினது எல்லாவற்றிலும் லெட்டிஸ். கல்யாணத்திலிருந்து உயில்வரை லெட்டிஸ் ஒருத்திதான்.

குன்றை விற்றது பெரியவரே இல்லை, க்ளெம்மி! எல்லாரும் அந்தப் பெயரைப் பார்த்ததும் பெரிய மனுஷன் என்றே எடுத்துக்கொண்டார்கள். கோரலியும்தான், ஸ்ப்ரேக் வைத்த ஆளும்தான். விற்றது சின்னவர், பைபிளில் இருக்கிற தபிதாவின் புருஷன். உன் ஆள்!

இன்னும் இருக்கிறது. நிலம் விற்றால் மனைவியைப் புருஷன் இல்லாத இடத்தில் தனியாக நிறுத்தி, உனக்கு இஷ்டம்தானா என்று கேட்பார்களாம். அவளுக்கும் அதில் பங்கு உண்டே. தபிதா உடம்பு முடியாமல் கிடந்ததால் அதிகாரிகள் இரண்டு பேர் குதிரையில் அவள் வீட்டுக்கே போயிருக்கிறார்கள். அவள் சொன்னதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என் பிள்ளைகள் படுத்திருக்கிற அரை ஏக்கரையும் அங்கே வண்டி போகிற பாதையையும் விட்டுவிட்டால் சம்மதம், இல்லையென்றால் கிடையாது. கீழே ஒரு கீறல். பெயர் எழுத வராதவளுடைய கீறல்.

தனியாக, படுக்கையில், இரண்டு ஆம்பளைகள் முன்னால், புருஷனுக்குப் பணம் தேவை என்று தெரிந்தும் — எப்படிச் சொல்லியிருப்பாள்?

மிஸ் வினோனா எனக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். "நான் வாசிக்கத்தான் செய்யலாம், புத்தி சொல்லக் கூடாது, கண்ணு. ஆனா மைக்காஜா தபிதா பிள்ளைன்னு காட்ட உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. கோரலியின் அலமாரியில், அந்த பைபிள்.

ஏப்ரல் 10

கோரலி வாசல் வலைக்கதவைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே நின்றே பேசினாள்.

"பைபிளைக் கொண்டுவந்து, எங்களுக்கும் பெரியவருக்கும் சம்பந்தமில்லன்னு நானே ஊர் முன்னால சொல்லணும். அதானே?"

"க்ளெம்மிக்காக."

"க்ளெம்மியா? அவன் உயிரோட இருந்தா உன்னைச் சொல்ல விடுவானா? அவன்கிட்ட வேற என்னடி இருந்துச்சு? ஒரு ஓட்டை பிக்கப் வண்டி, ஒரு வாடகை வீடு, இந்தப் பேரு. அதையும் பிடுங்கிட்டுத்தான் படுக்க வைக்கணுமா?"

திரும்பி நடந்தேன். அவள் சொன்னதில் பொய் இல்லையே.

ஏப்ரல் 14

ஃபோன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 17

எடுக்கவில்லை. பைபிள் இல்லாமல் என்ன சொல்வது? தபிதா இருந்தாள் என்று சொல்லலாம். நீ அவளுடையவன் என்று எதை வைத்துச் சொல்வது? எரிக்கிற மாதிரி கோபம் வருகிறது கோரலிமேல். உடனே உன் முகம் வருகிறது — அதே மூக்கு இரண்டு பேருக்கும்.

ஏப்ரல் 20

சோள ரொட்டி சுட்டேன். தின்ன முடியவில்லை. நாளைக்கு நீல உடுப்பு. உன் சாவுக்குப் போட்ட கறுப்பைப் போடமாட்டேன். பரிதாபப்பட வைக்க வந்தாள் என்பார்கள்.

ஏப்ரல் 21

எழுதியே ஆகவேண்டும்.

அவர்கள் வக்கீல் அழகாகப் பேசினார். இந்த அம்மாளின் துக்கம் எங்களுக்கும் துக்கம்தான், ஆனால் வம்சம் இல்லை என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். மிஸ் வினோனா நகல் எடுத்துக் கொடுத்த காகிதங்களை நீட்டினேன். லெட்டிஸ், தபிதா என்று ஆரம்பித்தேன், எல்லாம் குழம்பிவிட்டது. நீதிபதி நல்லவர். "மெதுவா சொல்லுங்க" என்றார். ஸ்ப்ரேக்கின் வக்கீல் முகம் மாறியது. ஆனால் உடனே எழுந்தார். "சரி, விற்றவர் சின்னவர் என்றே வைத்துக்கொள்வோம். இவர் கணவர் அவருடைய வம்சம் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

கையில் இருந்த நகல்களை மறுபடி புரட்டினேன்.

"அது என்கிட்ட இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கோரலி. சர்ச்சுக்குப் போகிற தொப்பி. கையில் தலையணை உறைக்குள் பைபிள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் வந்து மேஜையில் வைத்து, முதல் பக்கத்தைத் திறந்தாள். மைக்காஜா, ஆம்ப்ரோஸ் தபிதா மகன். அங்கிருந்து உன் அப்பா வரைக்கும், உன் வரைக்கும்.

நீதிபதி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்படின்னா மில் வச்சிருந்த அந்தப் பெரிய ஆம்ப்ரோஸ் உங்களுக்கு என்ன உறவு, மேடம்?"

பின் வரிசையில் அவள் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், க்ளெம்மி. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. அவர் எங்களுக்கு யாரும் இல்ல."

உன்னைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. பாதையும் திறக்கவேண்டும்.

வெளியே படிக்கட்டில் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டாள்.

"உனக்காக வரல. என் தம்பியை மண்வெட்டியால தூக்க விடுவேனா? ஆனா உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சிடாத."

"நினைக்கல."

"சரி, ஏறு. உன் வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

நிஜமாகவே ஆகவில்லை.

மே 2

மாதர் சங்க விருந்துக்குக் கோரலி போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

மே 16

இன்றைக்கு வண்டியைக் குன்றுவரை ஓட்டிக்கொண்டு போனேன். சங்கிலி இல்லை. ஸ்ப்ரேக் வீடு கட்டும் இடத்தை அடுத்த மேட்டுக்கு மாற்றிவிட்டார், கயிறு கட்டி முளை அடித்திருக்கிறார்கள். அவர் மனைவி தூரத்திலிருந்து கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

உன் மேல் மண் இறங்கியிருந்த இடத்தில் புது மண் கொட்டி நிரப்பினேன். உன்னைச் சுற்றி இருக்கிற அந்தச் சின்னச் சின்னக் கற்களில் பெயர் கிடையாது. எல்லாமே குட்டையானவை. முன்பெல்லாம் புல் வெட்டும்போது, பெரியவரோட படைவீரர்கள் என்று சொல்வாயே. குழந்தைகள், க்ளெம்மி. எல்லாம் தபிதாவின் குழந்தைகள்.

நீ அங்கே படுக்க ஆசைப்பட்டது ஆயிரத்து நூறு ஏக்கர்க்காரரின் பக்கத்தில் என்று நினைத்து. அவரை நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். அதனால்தான் நீ இன்னும் அங்கே இருக்கிறாய். சர்ச் கல்லறைத் தோட்டத்தில் உன் அம்மா பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

முதலிலேயே தெரிந்திருந்தால், இந்தக் குன்றுக்குக் கொண்டுவா என்று என்னிடம் கேட்டிருப்பாயா?