தகரம் தட்டாத களப்பு

என் ஆசைத் தம்பி சிவாவுக்கு,

நல்லா இருக்கியாடா என்று கேட்கக்கூட வழியில்லாமல் போய்விட்டாயே.

இங்கே இப்போதும் தகரம் தட்டித்தான் காலையில் கொழுந்தெடுக்க இறங்குகிறோம். தேயிலைக்கடியில் சிறுத்தை படுத்திருந்தால் சத்தம் கேட்டு எழுந்து போய்விடும். தெரியாமல் மிதித்தால்தான் அறையும். பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாரியக்காவின் தோளைக் கிழித்த அன்றுதான் அம்மா உன்னிடம் அழுதாள். "புலிகிட்ட நீ சாக வேணாம் சாமி, எங்கயாச்சும் போயி பொழைச்சுக்க." அந்த வாரமே புரோக்கர் வந்து, புத்தளம் பக்கம் கடலை ஒட்டிய களப்பில் வலை இழுக்க உன்னைக் கூட்டிப்போனான்.

களப்பில் திருக்கையும் அப்படித்தானாம். மணலில் புதைந்து கிடக்குமாம், யாரையும் தேடி வராதாம். காலைத் தூக்காமல் மணலோடு இழுத்து நடந்தால் அதுவே விலகிவிடுமாம். உன்னோடு வேலை செய்தவர் சாவு வீட்டில் சொன்னார். மலைச் சரிவில் நடந்து பழகியவன் நீ, காலைத் தூக்கி அழுத்தி ஊன்றத்தானே தெரியும்? தண்ணீரிலும் அப்படியே நடந்திருக்கிறாய். வால் முள் கணுக்காலில் ஏறிவிட்டது. இழுத்து நட என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தப் புரோக்கருக்கு வாய் வலித்ததா?

"மீனு குத்தி யாராச்சும் சாவாங்களா? சுடுதண்ணி ஊத்துங்க, சரியாயிடும்" என்று அவன் உன்னை மீன்வாடிக் குடிசையிலேயே போட்டுவிட்டானாம். கால் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

போன மாதம் நம் தோட்டத்தில் ஒரு சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டியது. ஜீப் என்ன, டாக்டர் என்ன, கேமரா என்ன! உயிரோடு கொண்டுபோனார்கள். போகட்டும், அது என்ன பாவம் செய்தது? ஆனால் உனக்கு ஒரு ஆட்டோகூடவா கிடைக்கவில்லை? வயிறு எரிகிறதடா.

திருக்கைக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காத அம்மா, ஹட்டனில் கருவாட்டுக் கடைப் பக்கமே போவதில்லை. "நாந்தானே போகச் சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்காகப் பயந்தது ஒரு குற்றமா?

இன்னொரு சேதி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் புரோக்கர் மறுபடி ஆள் பிடிக்க வருகிறானாம். மேல் லயத்தில் இரண்டு பேர் பை கட்டிவிட்டார்கள். "இந்தத் தடவ நல்ல எடம்க்கா" என்கிறார்கள். உன்னிடமும் அதைத்தானே சொன்னான்?

சிறுத்தையும் திருக்கையும் மிதித்தால்தான் தாக்கும். இவன் வீடு தேடி வருகிறான்.

மலைக்குக் கொண்டுபோகும் தகரத்தை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் லயத்துப் படியில் கால் வைக்கும்போதே தட்டுவேன். கடைசிக் கதவு திறக்கும்வரை தட்டுவேன். உன் கால் எப்படிக் கறுத்தது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வேன். சத்தியம், தம்பி.

உனக்காகத் தட்ட முடியாமல் போன
உன் அக்கா,
டிக்கோயா.