ஸ்கூடாய் மண்டபத்தில் ஒரே பதில்

சனிக்கிழமை இரவு. மழை விடவில்லை.

ஸ்கூடாய் மண்டபத்தில் இன்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பெரிய கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிடலாமா என்பதுதான் கேள்வி. தமிழில் பேசுகிறவர்கள் சொல்வதை மலாயில் மொழிபெயர்ப்பது என் வேலை.

முதலில் பாலோவிலிருந்து வந்த லாரி டிரைவர் எழுந்தார். "வேணாம்லா. பெரியவங்க கையக் கட்டிப்போட்டா..." என்று நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். "நம்ம புள்ளைங்க எங்க போவாங்க?"

பாவம், பயந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்து ஆயர் ஈத்தாமில் பானைக்கடை வைத்திருக்கும் அம்மா. அதே வார்த்தைகள். அதே இடத்தில் நிறுத்தி, அவரும் கூரையைப் பார்த்தார். அவர்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் பழக்கமே இல்லை. மூன்றாவதாக ஒரு பல்கலைக்கழக மாணவி. அவள் கூரையைப் பார்த்தபோதே மீதியை நான் மலாயில் சொல்லி முடித்துவிட்டேன். அதன் பிறகுதான் அவள் தமிழில் சொன்னாள். மண்டபத்தில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பிடும்போது, எதைப் பற்றிய கூட்டம் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். யார் என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டே, "அதெல்லாம் வேணாம்லா. பெரியவங்க கையக் கட்டிப்போட்டா..." என்றார். கை அப்படியே நின்றது. முகம் மெல்லக் கூரைப் பக்கம் உயர்ந்தது.

மீதியைச் சொன்ன குரல் அவருடையதல்ல, என்னுடையது. அப்போது நானும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.