அரசாங்கம் வாங்கிய துணிக்கொடிகள்

11 நவம்பர் 1986

இன்று கவுன்டர் நாள். மூன்று துணிக்கொடிப் படங்களைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். எதிர்க்காற்று. இந்த ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று.

கமிட்டிக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். படங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ஒருவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொருவர் நிறம் நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். முத்திரை விழுந்தது. படங்கள் நிலவறைக்குப் போயின. இன்னும் மூன்று மாதத்துக்கு நான் ஓவியர் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது.

போருக்குப் பிறகு யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் கண்டுபிடித்த ஏற்பாடு இந்தக் கவுன்டர். ஓவியர் படத்தைக் கொடுக்க வேண்டும், நகராட்சி பிழைக்க வழி செய்யும், படம் நிலவறையில் தூங்கும். யாருக்கும் நஷ்டமில்லை, படத்தைத் தவிர.

என் படங்களுக்கு அதுவும் இல்லை. துணிக்கொடி என்பது எங்கள் கொல்லைப்பக்கத்து எதிர்வீட்டு ஆல்ட்யேவின் கொல்லையில் காயும் துணி. மாடியில் அசல் படத்தின் வர்ணம் காய்வதற்குள், ஜன்னலருகே நின்று ஒரு பிற்பகலில் ஒன்றை முடித்துவிடுவேன். அசல் படங்கள் வேறு: கருப்பு வரிசை, ஆள் உயரம், விளிம்பு முதல் விளிம்பு வரை கருப்பு. அதில் ஒன்றைக்கூட நான் கவுன்டரில் வைத்ததில்லை. அரசாங்கம் தருகிற காசுக்கு ஆத்மாவையா கொடுப்பார்கள்? உள்பாவாடை போதும்.

என் புருஷன் ஹெஸ்ஸல் பால் லாரியை நிறுத்திவிட்டு வந்து, "வித்துட்டியா?" என்று கேட்டான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனுக்கு அது விற்பனைதான்.

2 டிசம்பர்

கவுன்டரை மூடுகிறார்கள். புது வருஷத்தோடு சரி. சுற்றறிக்கை இரண்டே பத்தி. நன்றி என்ற சொல் ஒரு தடவை, அதுவும் கடைசியில்.

வீபே ஓடி வந்தான். அவனும் ஓவியன்தான், என்னைவிட அதிகம் வரைபவன், என்னைவிட அதிகம் குடிப்பவன். இனி நாம் யார் என்று கேட்டு அழுதான். நல்ல கேள்விதான்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் ஓவியர் சங்கத்தில் கண்ணாடி பொருத்துகிறவனும் சேணம் தைக்கிறவனும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் பீடத்துக்குப் படம் போடு, அன்னை மேரியின் காலடியில் எனக்கும் என் நாய்க்கும் இடம் விடு என்பான் துணி வியாபாரி. நாயைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அப்புறம் அரண்மனை. பிரபுவின் மூக்கைச் சின்னதாக்கிச் சோறு தின்றோம். அப்புறம் ஒருநாள் எங்களுக்கு மேதை என்று பட்டம் கொடுத்தார்கள். மேதைக்குச் சோறு எதற்கு என்று அதை நிறுத்திவிட்டார்கள். பரண் அறைகளில் இருமிச் செத்தோம், செத்த பிறகு விலை ஏறியது. அதைப் பார்த்து வெட்கப்பட்டுத்தான் இந்தக் கவுன்டரே வந்தது. இப்போது வெட்கமும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

வீபேக்கு இதையெல்லாம் சொன்னேன். அவன் தூங்கியிருந்தான்.

14 ஜனவரி 1987

வேலைவாய்ப்பு அலுவலகம். சின்னப் பையன் மாதிரி ஓர் அதிகாரி. வரைவதைத் தவிர வேறென்ன தெரியும் என்று கேட்டான். கறுப்பில் எத்தனை வகை உண்டு என்று தெரியும் என்றேன். எழுதிக்கொண்டான், பாவம்.

"உங்களுக்கு நல்ல கண்ணு இருக்கு மேடம். கடை ஜன்னல் அலங்காரம் கத்துக்கலாமே?"

ஐம்பத்தெட்டு வயதில் பொம்மைக்குப் பாவாடை கட்டச் சொல்கிறான். கண் இருக்கிறதாம்!

வீட்டுக்கு வந்து அழுதேன். ஹெஸ்ஸல் கால்வாய் உறைந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தான், நல்லதாயிற்று. ஒரு வழிதான் பாக்கி. கலைஞர்களுக்கென்று புதிதாக ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கிடையாது, அசல் கலைஞர்களுக்கு மட்டும். நடுவர்கள் வீடு தேடி வந்து பார்த்து முடிவு செய்வார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டேன். கருப்பு வரிசைக்கு வேளை வந்துவிட்டது. அவர்களும் இல்லை என்றால் நான் ஓவியரே இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் முறையிட ஆளில்லை.

3 பிப்ரவரி

கருப்பு பதினெட்டு இன்னும் காயவில்லை. குளிர்.

9 மார்ச்

நிலவறையைக் காலி செய்கிறார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் சீந்தாதது வரைந்தவர் வீட்டுக்கே திரும்பி வரும்.

வீபே வீட்டுக்கு இன்று லாரி வந்தது. கூடம் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, கடைசியில் கக்கூஸ் கதவைத் திறக்க முடியவில்லை. பாதியைக் கொண்டுபோய்க் கோழிக் கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டான். உள்பக்கம் படம் தெரியும்படி. கோழிகளாவது பார்க்கட்டும் என்கிறான்.

நான் சிரித்தேன். என்னுடையதும் லாரியில் வந்தால்? குப்பைதானே கொடுத்தாய், வந்தால் என்ன? — வரக்கூடாது. அவ்வளவுதான் தெரியும்.

20 மார்ச்

நகராட்சியில் கலைப்பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஹூக்ஸ்மா அம்மாள் போன் செய்தார். "உங்களது ஒண்ணுகூட மிச்சமில்லை மேடம். போட்டி போட்டுக்கிட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அடேயப்பா. ஏன் என்று கேட்டேன். புகழைக் காதாரக் கேட்கும் ஆசைதான்.

"சின்னதா இருக்கு, எந்தச் சுவத்துலயும் நிக்கும். அப்புறம் துணிதானே, பார்க்கிறவங்க யாரும் பயப்பட மாட்டாங்க."

கல்லறையில் செதுக்கிக்கொள்ளலாம்.

28 ஏப்ரல்

நடுவர்கள் வந்தார்கள். இரண்டு ஆண், ஒரு பெண், மூவரும் கறுப்பு உடை. கருப்புப் படங்களுக்கு நடுவே சுவரோடு சுவராகத் தெரிந்தார்கள்.

இதில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டார் ஒருவர். சொல்ல வந்தால் எழுதியிருப்பேன் என்றேன். அந்தப் பெண் கனிவாகத்தான் சொன்னாள்: "இதை முப்பது வருஷம் முன்னாடியே செஞ்சு முடிச்சுட்டாங்க, நின்கே."

செஞ்சு முடிச்சுட்டாங்களாம். யாரு? எனக்கு ஏன் யாரும் சொல்லல? இருபது வருஷமா மாடியில நின்னு...

12 மே

பதில் வந்துவிட்டது. இல்லை.

19 மே

ஹெஸ்ஸல் காலையில் சொன்னான், ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்ததையாவது போய்ப் பாரேன் என்று. எவ்வளவு கீழே விழுந்திருக்கிறேன் என்று அளந்து பார்க்க ஆஸ்பத்திரியைவிட நல்ல இடம் ஏது? போனேன்.

டயாலிசிஸ் அறையில் மாட்டியிருக்கிறார்கள். நீளமான அறை. சிறுநீரகம் போனவர்கள் கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வரிசையாகச் சாய்ந்திருக்கிறார்கள். எதிர்ச்சுவரில் என் துணிக்கொடி. வாசலில் நின்று பார்த்தேன், முகம் எரிந்தது. எல்லாத் துணியும் காற்றில் வலப்பக்கம் பறக்கிறது, நீலச் சட்டையின் ஒரு கை மட்டும் இடப்பக்கம் பறக்கிறது. அவசரத்தில் போட்ட கோடு. காற்றிலேயே பிறந்து காற்றிலேயே சாகிற ஊரில் இதைக் கண்டுபிடிக்காதவன் உண்டா? வாரம் மூன்று நாள் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

நாளைக்கே சரிசெய்துவிட வேண்டும்.

20 மே

வர்ணப் பெட்டியோடு போனேன். யாரிடமும் கேட்கவில்லை, என் படம்தானே. நாற்காலியைப் போட்டு ஏறி, பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்தேன்.

"ஏம்மா. அதுல கைய வைக்காத."

கடைசிப் படுக்கையில் ஒரு பெரிய உடம்புக்காரப் பெண்மணி. அவுக்கெமா அம்மாள் என்றார்கள், முன்பு ரயிலடியில் ஓட்டல் நடத்தியவராம். அதட்டலில் அது தெரிந்தது.

நான் வரைந்த படம் இது என்றேன். ஹிஸ்கே என்ற நர்ஸ் ஓடி வந்து, கையெழுத்து எங்கே என்று கேட்டாள். கையெழுத்து ஏது? கவுன்டர் படத்தில் நான் என் பெயரைப் போட்டதே இல்லை. அவமானமாம், எனக்கு!

"நீ வரைஞ்சிருக்கலாம்," என்றார் அவுக்கெமா அம்மாள். "இப்ப இது எங்களோடது."

"அந்தக் கை தப்பா இருக்கு. காத்து அப்படி அடிக்காது."

"தெரியும். முதல் வாரமே பார்த்துட்டேன். எல்லாம் ஒரு பக்கமாப் போகுது, அது மட்டும் மாட்டேங்குது. அதையும் நேராக்கிட்டா நாலு மணி நேரம் நான் எதைப் பார்க்கிறது?"

நாற்காலியிலேயே நின்றேன், பிரஷ்ஷிலிருந்து நீலம் செருப்பில் சொட்டியது. அதற்குள் அறை முழுக்க விழித்துக்கொண்டது. பின்னால் வீட்டின் ஜன்னலில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அது பூனை என்று பாதிப் பேர், கெட்டில் என்று மீதிப் பேர். இரண்டு மாதமாகச் சண்டையாம். கெட்டில் கட்சிக்கு அவுக்கெமா அம்மாள் தலைவி.

"நிஜமா நீதான் வரைஞ்சேன்னா சொல்லு. அது என்ன?"

பார்த்தேன். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அங்கே என்னவோ இருட்டாக இருந்திருக்கும், ஒரு தீற்று தீற்றியிருப்பேன். தெரியாது என்று சொன்னேன்.

"அப்ப இவ இல்ல," என்றார் அவர் நர்ஸிடம். நடுவர்களே தேவலை.

21 மே

தூக்கமில்லை. பூனையா, கெட்டிலா? எனக்கென்ன வந்தது?

22 மே

மானத்தை விட்டு எதிர்வீட்டுக்குப் போய் ஆல்ட்யேவிடம் கேட்டேன். அவளோடு கடைசியாக எப்போது பேசினேன் என்று நினைவில்லை. காபி ஊற்றினாள். உங்கள் பின் ஜன்னலில் கறுப்பாக என்ன இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அங்க எங்க அம்மாதானே உக்காந்திருப்பாங்க."

கறுப்புச் சால்வை. காலையில் நாற்காலியில் உட்கார வைத்தால் சாயங்காலம் வரை அங்கேயே. போன வருஷம் போய்விட்டார். சாவுச் சேதி எங்களுக்கும் வந்தது. ஹெஸ்ஸல் போனான், நான் போகவில்லை, மாடியில் படம் ஈரமாக இருந்தது.

"உன்னத்தான் பார்த்துட்டு இருப்பாங்க. நீ ஜன்னல்கிட்ட வந்து நின்னாப் போதும், சாப்பாடுகூட வேண்டாம்பாங்க. நான் எதுக்குத் தினம் தினம் துணி துவைச்சுக் காயப்போட்டேன்னு நெனச்ச? நீ வரையணும்னு அம்மாதான் காயப்போடச் சொல்வாங்க."

மாடியில் கருப்புப் படம் வரைவதும் அங்கிருந்து தெரியுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"தெரியும். அது ஆரம்பிச்சா அம்மா தூங்கிடுவாங்க."

2 ஜூன்

ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவுக்கெமா அம்மாள் தலையைத் தூக்கி அந்த ஜன்னலைப் பார்த்தார்.

"கெட்டில் இல்ல அப்ப," என்றார். "சரி. சட்டையத் தொடாத. அந்தம்மாவுக்கு மட்டும் முகம் வை."

நானூறு வருஷம் கழித்து மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன். இதை வை, அதைத் தொடாதே. செய்கிறேன் அம்மா என்றேன். என் வாயிலிருந்தா வந்தது?

3 ஜூன்

ஆல்ட்யே மூன்று போட்டோ கொடுத்தாள். ஒன்று ஆல்ட்யேவின் மகள் கல்யாணத்தில், ஒன்று கடற்கரையில், ஒன்று பிறந்தநாளில் கேக்கோடு. மூன்றிலும் அந்த அம்மாள் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நல்ல முகம்தான். ஆனால் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முகம் இதில் எதிலும் இல்லை. இப்படித்தான் இருப்பார்களா என்று ஆல்ட்யேவைக் கேட்டேன். அவள் எப்போதும் அம்மாவின் முதுகுப்பக்கம்தான் நின்றிருக்கிறாளாம், தட்டும் கையுமாக.

அந்த முகத்துக்கு நேர் எதிரே நின்றிருந்த ஆள் நான் ஒருத்திதான்.