ஒரே பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து உஷாந்தி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

நேற்று ஒபிசில் ஒரு சின்னப் பிழை. பிள்ளைகளின் வளர்ச்சியைக் கணிக்கும் புள்ளிவிபர மொடலைக் கணினி நிரலில் ஒரு பங்ஷனுக்குள் எழுதியிருந்தேன். உள்ளே இந்த வருட ‘நிறை’யைக் கொடுத்தும், அது வெளியே அதே பெயரில் கிடந்த போன வருட ‘நிறை’யையே எடுத்திருக்கிறது. பெயர் பொருந்தியதால் எச்சரிக்கைகூட வரவில்லை.

மேலாளர் எல்லோருக்கும் முன்னால், “பக்கத்தில இருக்கிறதை விட்டிட்டுப் பழசைத் தேடிப் போயிருக்கு. ஒரே பேரை ரெண்டுக்கு வைக்கலாமோ, பிள்ளை?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வயதில் செத்த அக்காவின் பெயரைத்தானே எனக்கு வைத்தீர்கள்.

பார்சலில் மிளகாய்த்தூள் போடுங்கள். பனங்காய்ப் பணியாரம் இனி வேண்டாம். அது அவவுக்குத்தான் விருப்பம். நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் இரண்டாவது உஷாந்தி