குழாயில் தட்டியவள்

மகனுக்கு,

நீ அனுப்பிய ஆட்கள் வேலையை முடித்துவிட்டார்கள். நாற்பது வருடமாக ஜன்னலடியில் நின்று வீட்டைச் சூடாக்கிய இரும்பு ரேடியேட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தகடு மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதில் கம்பளிக் கையுறையைக் காயப்போட்டால் வழுக்கி விழுகிறது. அதற்கு வெந்நீர் கொண்டுவரும் இரும்புக் குழாயையும் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டார்கள். மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

மேல்வீட்டு ரிம்மாவோடு எனக்குப் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. அவள் வீட்டிலிருந்து இறங்கும் குழாய்தான் என் வீட்டுக்கும். என் டிவி கொஞ்சம் சத்தமாக ஓடினால் அவள் அந்தக் குழாயில் கரண்டியால் தட்டுவாள். நானும் விடாமல் திருப்பித் தட்டுவேன். ஒரு நாள் தவறியதில்லை.

இரும்புக் குழாய் போனதும் சத்தம் நின்றது. விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன். நான்காம் நாள் யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் ரிம்மா. வீங்கிய முட்டியோடு மாடி இறங்கி வந்திருக்கிறாள், கையில் கரண்டி.

"ஏண்டி, உயிரோடதான் இருக்கியா? மூணு நாளா தட்டுறேன், பதிலே காணோம்."

"செத்தா உனக்கென்ன?"

"நாறினா எனக்குத்தானே முதல்ல வரும். மேல இருக்கிறது நான்தானே."

உள்ளே வந்து உட்கார்ந்து இரண்டு கோப்பை டீ குடித்தாள். அந்தத் தகட்டைப் பார்த்து உன்னைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். இப்போது தினமும் வருகிறாள். என் செர்ரி ஜாம் ஒரு பாட்டில் காலி. எல்லாம் உன்னால்தான்.

வீடு சூடாகத்தான் இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

உன் அம்மா